அணையோர முகாமும் ஒரு அக்காவும்: என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பிள்ளைகள் இல்லாத வகுப்பே எனக்கு வாய்த்ததில்லை. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஒரு சேமிப்புக் குழு நடத்துகிறார்கள். கணக்கு நோட்டைச் சரிபார்த்துக் கொடுங்கள் என்று ஒருநாள் கேட்டார்கள். அப்படித் தொற்றிய வேலை, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

அதனால் பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாணப் பந்தியில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் முகாமைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் எழுதியிருக்கிறேன். நடுநடுவே ஒருவரைப் பற்றி வரும். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால், வெறும் 'அக்கா'.

"இவங்கெல்லாம் யாரு டீச்சர்? கடலே இல்லாத நம்ம ஊருக்கு எப்படி வந்தாங்க?"

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். ஒரே தடவையில் வந்தவர்கள் இல்லை. 1983-க்குப் பின் ஒரு அலை, 1990-இல் இரண்டாவது போர் தொடங்கியதும் ஒரு அலை, 90-களின் நடுவில் ஒன்று, 2006-க்குப் பிறகு கடைசியாக ஒன்று. படகில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பதிவு, விசாரணை, அப்புறம் தமிழ்நாடு முழுக்கப் பிரித்து அனுப்பினார்கள். நம் பக்கம் வந்தவர்களை அரசு நிலம் இருந்த அணையோரங்களில் குடி வைத்தார்கள். பாம்பாறு அணை, தொப்பையாறு அணை, நாகாவதி அணை என்று முகாம்களுக்கு அணையின் பெயரே இருப்பது அதனால்தான். மாநிலம் முழுக்க நூற்றுக்கு மேல் முகாம்கள் உண்டு.

அக்கா வந்தது 1990-இல், திருகோணமலை மாவட்டம் மூதூர்ப் பக்கத்திலிருந்து. வயது இருபத்து நான்கு. மூத்தவனுக்கு நாலு வயது, சின்னவள் கைக்குழந்தை. வெயிலுக்கும் மழைக்கும் கொதிக்கிற, ஒழுகுகிற பத்துக்குப் பத்து கொட்டகை ஒன்று கிடைத்தது. கணவர் அவரோடு வரவில்லை.

"போர்தான் 2009-லயே முடிஞ்சுபோச்சே. இன்னும் ஏன் இங்கேயே இருக்காங்க?"

அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது உண்மை. ஆனால் ஒரு பெண் திரும்பிப் போக வேண்டுமென்றால் போய் இறங்க ஒரு வீடு வேண்டும், வேலை வேண்டும், கூட நிற்க நாலு மனிதர்கள் வேண்டும். 2010-இல் இலங்கைத் துணை அமைச்சர் ஒருவர் சொன்ன கணக்குப்படி வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் 89,000 கைம்பெண்கள். அங்கே இதற்கு 'பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்' என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். அத்தனை பேர் பிழைப்புக்கு வழி தேடுகிற இடத்தில் இன்னும் ஒருத்தியாகப் போய் நிற்பதா என்று அக்கா ஒரு தடவை கேட்டார். போனவர்களும் இருக்கிறார்கள், ஐ.நா. அகதிகள் அமைப்பு வழியாக, விருப்பப்பட்டு. பிள்ளைகள் இங்கே படித்து, இங்கே பெண் எடுத்து, இங்கேயே வேலைக்குப் போன குடும்பங்களுக்குத்தான் கிளம்புவது கஷ்டமாக இருக்கிறது.

"கவர்மென்டு அரிசி, பணம், வீடு எல்லாம் குடுக்குதே. அதுக்கு மேல என்ன கஷ்டம்?"

கொடுக்கிறது, இல்லையென்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் பணக்கொடையை உயர்த்தினார்கள். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவதாகவும் அறிவித்தார்கள். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனதும் அப்போதுதான்.

ஆனால் கணக்கு டீச்சரிடம் கேட்டதால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு தாய், இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 2,500 ரூபாய். உயர்த்துவதற்கு முன்பு 1,800. அக்கா வந்த காலத்தில் இதெல்லாம் கிட்டத்தில்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு மூன்று பேர் எண்ணெய், காய், மருந்து, நோட்டுப் புத்தகம் எல்லாம் வாங்கிப் பாருங்கள். ஆண் இருக்கிற வீட்டில் அவர் பெயின்ட் அடிக்கப் போவார். தமிழ்நாடு முழுக்க முகாம் ஆண்களுக்குப் பெரும்பாலும் அதுதான் தொழில். முகாமில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் கணக்கெடுப்பு நாளன்று எந்த ஊரில் இருந்தாலும் முகாமுக்குத் திரும்பி ஆஜராக வேண்டும். கைக்குழந்தையோடு தனியாக இருக்கிற பெண் எந்த ஊருக்குப் போய் எந்தச் சுவரில் ஏறுவாள்?

"அவங்க புருஷன் செத்துட்டாரா, காணாமப் போயிட்டாரா? இத்தனை வருஷத்துக்கப்புறம் ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை. நானும் ரொம்ப நாள் ஒன்று என்றுதான் நினைத்தேன்.

1990-இல் ஒரு காலையில் கடைக்குப் போனவர் திரும்பவில்லை. யாரோ பிடித்துப் போனதாகச் சிலர் சொன்னார்கள். பார்த்ததாகச் சொல்ல ஆள் இல்லை. இறந்தார் என்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். எந்தப் படிவத்தை நீட்டினாலும் அதில் ஒரு கட்டம் இருக்கும்: திருமணமானவரா, கைம்பெண்ணா. அக்கா 'திருமணமானவர்' என்று எழுதுவார். அப்படியென்றால் கணவர் கையெழுத்து எங்கே என்பார்கள். கைம்பெண் என்று எழுதினால் சான்றிதழ் எங்கே என்பார்கள். ஒரு அலுவலகத்தில் இதற்காக அவரை ஏழு தடவை நடக்க விட்டார்கள். ஏழாவது தடவை நானும் கூடப் போனேன். அங்கிருந்தவருக்கு அவரை எழுதச் சொன்னதே மறந்துபோயிருந்தது.

இலங்கையில் 2010-இல் ஒரு சட்டம் வந்தது. போரில் காணாமல் போய் ஓராண்டுக்கு மேல் தகவல் இல்லையென்றால், இறப்பைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கலாம். பல குடும்பங்கள் வாங்க மறுத்துவிட்டன. உடலைப் பார்க்காமல், என்ன நடந்தது என்று யாரும் சொல்லாமல், செத்துவிட்டார் என்று நாமே கையெழுத்துப் போடுவதா என்பதுதான் கேள்வி. 2016-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 'இவர் காணாமல் போயிருக்கிறார்' என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். காணாமற்போனோருக்கான அலுவலகத்தை அமைக்கும் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. கிளிநொச்சியில் தாய்மார்கள் படங்களை வைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார ஆரம்பித்தது 2017 பிப்ரவரியில். அவர்கள் கேட்பது சான்றிதழ் இல்லை, பதில்.

அக்காவின் தங்கை 2010-லேயே திருகோணமலையிலிருந்து போன் செய்தார், இறப்புச் சான்றிதழ் எடுத்துவிடலாம் என்று. அக்கா சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்: "செத்தவர் எண்டு நான் எப்பிடியடி எழுதிக் குடுக்கிறது? நான் பாக்கேல்லையே."

"அப்ப பொட்டு வெச்சிருக்காங்களே, அது சரியா?"

சரியா தப்பா என்று சொல்ல நீங்கள் யார், நான் யார்? ஆனால் இதைக் கேட்காமல் ஒரு கூட்டம் முடிவதில்லை. அதுவும் பெண்கள்தான் கேட்கிறார்கள்.

முதல் ஒன்றிரண்டு வருடம் முகாமுக்குள்ளேயே பேச்சு இருந்ததாம். பிறகு அடங்கிவிட்டது, ஏனென்றால் வரிசைக்கு வரிசை இப்படி ஒருத்தி இருந்தாள். ஊருக்குள்தான் நின்றபாடில்லை. ஒரு வளைகாப்புக்கு அவரை அழைத்துவிட்டு, வளையல் போட வரும்போது மட்டும் தள்ளி உட்காரச் சொன்னார்கள். அதன் பிறகு குழுப் பெண்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: அழைத்தால் எல்லாரையும் ஒரே மாதிரி அழைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழுவில் யாரும் வர மாட்டோம். இது தீர்மான நோட்டில் எழுதப்பட்டு இருபது கையெழுத்தும் இருக்கிறது. பாத்திர வாடகைக்கும் வட்டி விகிதத்துக்கும் நடுவில்.

'விதவை' என்று எழுதினால் அதில் பொட்டே இல்லை, 'கைம்பெண்' என்று எழுதினால் இரண்டு பொட்டு வருகிறது என்று கலைஞர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அக்காவிடம் சொன்னேன். சிரித்தார். "எனக்கு ரெண்டு சொல்லும் வேண்டாம் டீச்சர்" என்றார்.

"அப்ப திதி எப்ப குடுப்பாங்க? தேதியே தெரியாதே?"

நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுப்பது நம் பக்க வழக்கம். ஆடி அமாவாசைக்கு ஒகேனக்கல் போகிறவர்கள், தென்பெண்ணையில் அனுமன்தீர்த்தம் போகிறவர்கள் உண்டு. இலங்கைத் தமிழர்களும் ஆடி அமாவாசையை அப்பாவுக்கான விரதமாகப் பிடிப்பார்கள். அன்றைக்குக் காத்தோட்டிக்காய் சமைப்பார்களாம். இங்கே சந்தையில் அது வராது, முகாமில் பாகற்காய்தான்.

அக்கா எள்ளும் தண்ணீரும் விடுவதில்லை. காரணம் மேலே சொன்னதுதான். ஆனால் அன்றைக்குப் பெரிய சட்டியில் சமைத்து முகாம் பிள்ளைகளுக்குப் போடுவார். யாருக்காக என்று அவரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. அவர் மகன் பெரியவனானதும் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று நின்றான். அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. இப்போது அவன் தனியாக அனுமன்தீர்த்தம் போய்வருகிறான். வந்ததும் அம்மா சமைத்ததைச் சாப்பிடுகிறான்.

"முதல்ல யாரு கை குடுத்தாங்க? ஏதாவது சங்கமா?"

சங்கங்கள் பிறகு வந்தன. 1984-இல் செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்வி, சத்துணவு, பெண்கள் குழு என்று நிறையச் செய்திருக்கிறது. முகாமில் அதை ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக 'ஓஃபர்' (OfERR) என்பார்கள்.

முதலில் கை கொடுத்தது பக்கத்துக் கொட்டகை. ஒரு பாட்டி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார், அக்கா மாந்தோப்புக்குக் கூலிக்குப் போனார். சாயங்காலம் வந்ததும் பாட்டிக்கு வெற்றிலை. அவ்வளவுதான் ஒப்பந்தம். தண்ணீர்க் குழாய் வரிசையில் அக்காவின் குடத்துக்கு யாராவது இடம் போட்டு வைப்பார்கள். ஊருக்குள் ஒரு மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். ரேஷன் கார்டு மாதிரி எந்த அடையாளமும் இல்லாத ஒருத்திக்கு அந்தக் காலத்தில் இந்த ஊரில் கிடைத்த முதல் கணக்கு அந்தப் பக்கம்தான். அக்கா அதை இன்னும் சொல்வார், அந்த மனிதர் இறந்து எத்தனையோ வருடமாகியும்.

"குழுவில் சேத்துக்கலாமா? கடன் வாங்கிட்டு ராத்திரியோட ராத்திரியா படகு ஏறிட்டா?"

ஊத்தங்கரையிலிருந்து படகு ஏற வேண்டுமென்றால் முதலில் சேலம் பஸ் ஏற வேண்டும், யாராவது பார்த்துவிடுவார்கள்.

விளையாட்டு போகட்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கிய இடம் நம் மண்தான். 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தருமபுரி மாவட்டத்தில். அப்போது கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2004-இல். அன்றைக்கு நம் பெண்களைப் பற்றியும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கையில் நிலமில்லை, நகையில்லை, இவளுக்கு யார் ஜாமீன்? மற்ற பத்தொன்பது பேர்தான் ஜாமீன் என்பது பதில். அணையோரத்தில் அக்கா வந்து சேர்ந்ததற்கு ஒரு வருடம் முன்பு, இருபது முப்பது மைல் தள்ளி இது நடந்துகொண்டிருந்தது. அது முகாம் வேலிக்குள் வரப் பல வருடம் பிடித்தது.

முகாம் பெண்கள் முதலில் போட்டது வெறும் சீட்டு. பன்னிரண்டு பேர், மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய். அக்கா தனக்கு வந்த முதல் சீட்டில் ஒரு கிரைண்டர் வாங்கினார், பழையது. பிறகு அது குழுவாகி, வங்கிக் கணக்கு வந்து, உள்கடன் தொடங்கியது. நான் நோட்டைப் பார்க்கிற இத்தனை வருடத்தில் தவணை தள்ளிப் போட்டவர்கள் உண்டு. ஓடியவர் ஒருவர். அவர் முகாம்காரர் இல்லை.

"ஒரு தையல் மெஷின் வாங்கிக் குடுத்தா பொழச்சுக்குவாங்க இல்ல?"

தயவுசெய்து வேண்டாம். நல்ல மனசுள்ளவர்கள் எல்லாருக்கும் கைம்பெண் என்றதும் தையல் மெஷின்தான் ஞாபகம் வருகிறது. முகாமில் ஒரு கட்டத்தில் ஒன்பது மெஷின் இருந்தது. தைக்கக் கொடுக்க ஒன்பது பேர் இருந்திருந்தால் சரி. இப்போது அதில் மூன்று ஓடுகிறது, மற்றதன் மேல் துணி காய்கிறது.

இங்கே பணம் வருவது மண்ணைப் பார்த்துத்தான். கிருஷ்ணகிரி என்றால் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகள். பெங்களூரா மாம்பழம் இறங்குகிற இரண்டு மூன்று மாதம் கழுவ, தோல் சீவ, தரம் பிரிக்க ஆள் போதாது. புளி சீசனில் வீட்டிலேயே உட்கார்ந்து கொட்டை எடுக்கலாம், கிலோ கணக்கில் கூலி. விரல் நுனி போய்விடும் என்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் வருகிற காலி மாதங்கள்தான் பிரச்சினை. அக்கா அதற்கு இடியப்பத்தையும் புட்டையும் வைத்துக்கொண்டார். சிவப்பரிசி மாவு இங்கே சரிப்படவில்லை, விலையும் கட்டவில்லை. நம் கேழ்வரகு மாவைக் கலந்து பார்த்தார், பிடித்துக்கொண்டது. களி தின்கிற ஊருக்குக் கேழ்வரகுப் புட்டும் தேங்காய்ச் சம்பலும் பழக எத்தனை நாளாகும்? பஸ் நிலையப் பக்கம் காலையில் இரண்டு மணி நேரக் கடை. மெஷின் கொடுக்க நினைத்தவர்கள், வாரத்துக்கு நாலு நாள் அங்கே போய்க் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள்.

"பழைய துணி கொண்டு வரலாமா?"

கிழிந்ததைக் கொண்டு வராதீர்கள். பண்டிகைக்கு முதல் நாள் போட்டோகிராபரோடு வராதீர்கள்.

"போர்ல என்ன நடந்துச்சுன்னு கேக்கலாமா? பேசினா மனசு லேசாகும்ல?"

அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகத் தோண்டாதீர்கள். பள்ளியில் ஒரு தடவை, நான் செய்த தப்புத்தான், 'உன் அப்பாவைப் பற்றி எழுது' என்று ஒரு பாட இடைவெளியில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். அக்காவின் மகள் வெறும் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் அக்கா வந்தார், சண்டை போடவில்லை. "அவளுக்கு எழுத ஒண்டும் இல்லை டீச்சர், அவள் அவரைக் கண்டதே நினைவில்லை" என்றார்.

ராத்திரி தூக்கமே இல்லை, பட்டாசுச் சத்தத்துக்கு உடம்பு நடுங்குகிறது, சாகத் தோன்றுகிறது என்று யாராவது சொன்னால் அது ஆறுதல் வார்த்தையோடு விடுகிற விஷயம் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். தீபாவளிக்கு முகாம் ஓரம் அணுகுண்டு வெடிப்பதை எங்கள் தெருப் பையன்கள் நிறுத்தியிருக்கிறார்கள். யாரும் சட்டம் போடவில்லை, ஒருத்தன் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"பிள்ளைங்க இங்கேயே பொறந்தவங்க தானே? அப்புறம் என்ன, இந்தியர் தானே?"

இங்கேதான் சிக்கல். இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். இந்த ஒரு வரியை வைத்து நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கியவரும் முகாமிலிருந்து உண்டு. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் குடியுரிமை பார்க்கப்படும். அக்காவின் பிள்ளைகள் இருவரும் அங்கே பிறந்தவர்கள். பேரன் கிருஷ்ணகிரியில் பிறந்தான், அவனுடைய அப்பா, அம்மா இருவரும் முகாம்காரர்கள். அவனும் இந்தியன் இல்லை. நம்மூர்த் தமிழில் பேசுவான், பாட்டி பேசுவதைக் கேலி செய்வான்.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஒரு விலக்கு அளித்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. பயம் குறைந்தது. குடியுரிமை வரவில்லை. பட்டம் வாங்கியும் அரசுத் தேர்வு எழுத முடியாமல் எத்தனை பேர் பெயின்ட் டப்பாவைத் தூக்கினார்கள் என்பது எனக்குத் தெரியும்; என் மாணவர்கள்.

"சின்ன வயசு தானே அப்ப. வேற கல்யாணம் பண்ணியிருக்கலாம்ல?"

பண்ணியவர்கள் இருக்கிறார்கள், முகாமுக்குள்ளேயும், நம் ஊர்க்காரரையும். அக்காவையும் ஒருவர் கேட்டார், நல்ல மனிதர்தான். செத்துவிட்டாரா, காணாமல் போனாரா என்ற கேள்விக்குச் சொன்ன அதே தடைதான் வந்து நின்றது. கைம்பெண் என்று முடிவாகாமல் மறுமணம் எப்படி? ஊர் தடுத்தது, பேப்பர் தடுத்தது என்பதை விட, அவருக்கே அது முடியவில்லை. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு, அவரிடமே சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத அவர் அனுமதி இல்லை.

"உங்களுக்கு இதுல என்ன லாபம் டீச்சர்?"

இதைக் கேட்டவர் என் சொந்தக்காரர். கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்டார்.

ஆறு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனார். மூன்றாம் நாள் காலையில் அக்காவும் குழுப் பெண்கள் நாலு பேரும் வந்தார்கள். காரியம் முடிகிற வரை அடுப்படியை அவர்கள்தான் பார்த்தார்கள். என் நெற்றியைப் பற்றிப் பெரியவர்கள் ஏதோ தொடங்கியபோது, அக்கா ஒன்றும் சொல்லாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், தன் பொட்டோடு. பேச்சு அப்படியே நின்றுவிட்டது. கிளம்பும்போது, "ஒண்டும் யோசியாதேங்கோ, இந்த மாசக் கணக்கை நான் பாக்கிறன்" என்று நோட்டை எடுத்துப் போனார்.

அந்த மாதக் கணக்கில் நாற்பது ரூபாய் இடிக்கிறது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.